கை பொறுக்கும் சூடு

தூத்துக்குடி
14.6.1971

ஆண்டவருக்குள் அன்பான அக்காவுக்கு ஜெயபாய் எழுதுவது.

நானும், பியூலாவும், பியூலா அப்பாவும், அத்தையும் தேவ தயவால் இருக்கிறோம். அத்தான் இப்போது கட்டிலில் எழுந்து உட்காருகிறார்களா? வாதம் விழுந்த பக்கத்துக்குத் தைலம் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். எப்சிபாவைப் பெண் கேட்ட இடம் என்ன சொல்லுகிறது?

எனக்கு ஒரு யோசனை வேண்டும். அத்தையின் பீங்கான் பாத்திரங்களை என் கல்யாணத்துக்கு வந்தபோது பார்த்தீர்களே, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், நீல விளிம்பு போட்ட நான்கு. அத்தை கொழும்பை விட்டுத் தோணியேறி வந்தபோது சேலைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்தவை. கேக்கானாலும் ரொட்டிப் புட்டிங்கானாலும் அதில் வைத்துத்தான் தகர ஓவனில் வேகவைப்போம். சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அத்தையின் ரவைக் கேக் போகாத வருஷம் கிடையாது. இந்த வருஷம் அதை என் பொறுப்பில் விட்டார்கள். ஈஸ்டருக்கு ஒரு பாத்திரம் கீறல் விட்டு விரிந்தது. போன வாரம் இன்னொன்று.

"ஏளா, ஒனக்கு இருக்கது கையா கட்டையா?" என்றார்கள் அத்தை. "இத்தன வருசம் நான் பொழங்குனேன், ஒரு கீறல் உண்டா? நீ வந்து ரெண்ட முழுங்கிட்டெ. இன்னொண்ணு போச்சின்னு வையி, பெட்டியக் கெட்டிக்கிட்டு ஒங்க அக்கா வீட்டுக்குப் போயிரு. அங்கன போயி ஒடை."

பியூலா அப்பா சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு ஹார்பருக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அத்தை சும்மா சொல்லுகிற ஆள் இல்லை. அம்மா அப்பா இல்லாத எனக்கு இந்த வீட்டை விட்டால் போக்கிடம் ஏது? பாத்திரம் ஏன் விரிகிறது, எப்படிக் காப்பது, எழுதுங்கள்.

அத்தை வாசித்த பிறகுதான் கடிதம் தபாலுக்குப் போகும். அதனால் நான் கூட்டி எழுதினேன் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் ஜெபத்தில் என்னையும் வையுங்கள்.
தங்கை ஜெயபாய்


சாத்தான்குளம்
19.6.1971

கர்த்தர் எனக்குத் தந்த தங்கை ஜெயபாய்க்கு, அக்கா தேவகனி.

உன் கடிதம் கண்டோம். அத்தான் தலையணை வைத்தால் சாய்ந்து உட்காருகிறார்கள். பேச்சுத்தான் இன்னும் திருந்தவில்லை. எப்சிபாவைக் கேட்டவர்கள் நாசரேத்துக்காரர்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். நல்ல இடம். நிதானமாக விசாரிக்கிறார்கள்.

உன் அத்தைக்கு என் ஸ்தோத்திரம் சொல். அவர்கள் வாசிப்பதும் நல்லதுதான். பாத்திரம் அவர்களுடையது அல்லவா?

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனாலும் என் வீட்டுக்கு வந்த சாமான் எதுவும் ஏன் வந்தது, ஏன் போனது என்று கணக்கில் எழுதாமல் விட்டதில்லை. என்னிடமும் இரண்டு பீங்கான் விரிந்திருக்கிறது. அதிலே தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

இரும்புச் சட்டி முழுவதும் சட்டென்று சூடாகிவிடும். பீங்கான் அப்படியல்ல. சூடு பட்ட பக்கம் நீளும்போது படாத பக்கம் பழையபடியே கிடக்கும். ஒன்றையொன்று இழுக்கும். இழுவை தாங்காத இடத்தில் விட்டுவிடும். சூட்டைவிட, சூடு திடீரென்று மாறுவதுதான் அதற்கு ஆகாது. ஆகவே ஓவன் காய்ந்த பிறகு குளிர்ந்த பாத்திரத்தை உள்ளே தள்ளாதே. தணிந்த சூட்டிலேயே வைத்து இரண்டையும் சேர்த்துச் சூடேற்று. நெருப்புக்கு நேராக வைக்காமல் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் பரப்பு. வெறும் பாத்திரமாகக் காயவிடாதே. வெளியே எடுத்ததும் சிமெண்டுத் தரையிலோ ஈரக் கல்லிலோ வைக்கக் கூடாது. உலர்ந்த பலகைமேல் துணியை மடித்துப் போட்டு வை. அடிவட்டத்தில் பளபளப்பு இராது, பார்த்திருப்பாய். அது தண்ணீர் குடிக்கும். ஈரத்தோடு அடுப்பேறினால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கும். கடற்கரை ஊரில் காற்றே ஈரம். கழுவின பாத்திரத்தை வெயில் காட்டாமல் அலமாரியில் அடுக்காதே.

பாதிப் பாத்திரங்கள் போவது கழுவும்போதுதான். எப்போது தண்ணீரில் போடலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது. உள்ளங்கையைப் பாத்திரத்தின் அடியில் அழுத்தி வை. பரமண்டல ஜெபத்தை அவசரப்படாமல் முதலிலிருந்து ஆமென் வரை சொல். அதுவரை கை பொறுத்தால் தண்ணீரில் போடலாம். நடுவில் கையை எடுத்தாயானால் இன்னும் ஆறவேண்டும். இந்த அளவு வைத்த பிறகு என் வீட்டில் ஒன்றும் விரியவில்லை.

கர்த்தர் உன் வீட்டைக் காப்பார்.
அக்கா தேவகனி


தூத்துக்குடி
5.7.1971

அன்பான அக்காவுக்கு,

அத்தானுக்கும் எப்சிபாவுக்கும் சுகம்தானே? பியூலாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்துவிட்டது. மேல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவதும் போய்விட்டது, அக்கா.

நீங்கள் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. வெயில் காட்டினேன், மணல் பரப்பினேன், தணிந்த சூட்டில் வைத்தேன், பலகைமேல் இறக்கினேன். கேக்கை எடுத்துவிட்டு, உள்ளங்கையை அடியில் வைத்து ஜெபம் சொன்னேன். ஆமென் வரைக்கும் கை பொறுத்தது. வாளித் தண்ணீரில் இறக்கினேன். "டப்" என்று ஒரு சத்தம். கையில் பாதிதான் வந்தது.

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஜெபம் பண்ணி ஒடச்ச மொத ஆளு நீதாம்ளா" என்றார்கள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, "இதென்ன, கொப்புளம்?" என்றார்கள். பார்த்தால் இடது உள்ளங்கையில் கோலிக்குண்டு போல் ஒன்று. எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. எண்ணெய் தெறித்திருக்கும்.

மிச்சம் இருப்பது பெரிய பாத்திரம் ஒன்றுதான். பண்டிகைக் கேக்குக்கு அது வேண்டும். அதைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தை என்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது. ஏசினால்கூடத் தேவலை.

ஜெயபாய்


சாத்தான்குளம்
12.7.1971

பிரியமான ஜெயபாய்க்கு,

பியூலாவுக்குக் காய்ச்சல் விட்டதா? கர்த்தர் குழந்தையைத் தொட்டுச் சுகப்படுத்துவாராக.

உன் கடிதத்தை இரண்டு நாள் வைத்து யோசித்தேன். நீ சொன்னபடியே எல்லாம் செய்திருந்தால் அது விரியக் கூடாது. பழைய விரிசல் உள்ளே இருந்ததோ என்னவோ. துண்டுகளைச் சேர்த்துப் பார். அடிபட்ட பாத்திரமானால் ஓர் இடத்திலிருந்து சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் பரவும். சூட்டில் விட்டதானால் விளிம்பிலிருந்து ஒரே கோடு நெளிந்து ஓடும். பெரிய பாத்திரத்தை ஒரு கையின் விரல் நுனிகளில் ஏந்தி மறு கையின் விரல் மொட்டியால் தட்டு. மணி மாதிரி ஒலித்தால் நல்லது. மொத்தென்று கேட்டால் அதை அடுப்பில் ஏற்றாதே. நன்றாகக் கேட்டால் அதில் ரொட்டிப் புட்டிங் ஒன்று வேகவை. வெளியே எடுத்து அது ஆறும்போது வலது கையை வைத்து ஜெபம் சொல். பிறகு இடது கையை வைத்துச் சொல். எது எவ்வளவு பொறுத்தது என்று எழுது. தண்ணீரில் மட்டும் போடாதே.

கொப்புளம் வலித்ததா? அதையும் எழுது.

அக்கா தேவகனி


தூத்துக்குடி
24.7.1971

அன்பான அக்காவுக்கு,

பியூலா தேறிவிட்டாள். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்கவேண்டும் என்றே தினமும் கேட்கிறேன்.

துண்டுகளைச் சேர்த்தேன். விளிம்பிலிருந்து ஒரே கோடுதான். அப்படியானால் சூட்டில்தான் விட்டிருக்கிறது, நான் கீழே போடவில்லை. அத்தையிடமும் காட்டினேன். பெரிய பாத்திரத்தைத் தட்டினேன். நன்றாக ஒலிக்கிறது. ஆனால் இடது விரல்களில் ஏந்தினபோது நழுவப் பார்த்தது. அத்தைதான் சட்டென்று தாங்கினார்கள்.

வலது கையை வைத்ததும் சுட்டுவிட்டது. ஜெபத்தில் இரண்டாம் வரிக்குக்கூடப் போகவில்லை. உடனே இடது கையை வைத்தேன். ஆமென் வரை அசையாமல் இருந்தது. இன்னொரு தரமும் சொல்லியிருப்பேன். என் வலது கையைவிட இடது கைக்குத்தான் ஜெப வாஞ்சை அதிகம் போலிருக்கிறது, அக்கா. நீங்கள் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன். அத்தை சிரிக்கவில்லை.

கொப்புளம் வலிக்கவே இல்லை. உடைந்து புண்ணாகித்தான் ஆறுகிறது. முழங்கைப் பக்கம் ஒரு தேமல் வேறு, வெகு நாளாக. ஊசி பிடித்தால் நழுவுகிறது. அசதியாக இருக்கும். பியூலாவையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து பத்து நாள் இருக்கட்டுமா? அத்தானுக்குக் கஞ்சி காய்ச்ச, உங்களுக்கு ஒத்தாசையாக இருப்பேன். வரச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும், அத்தை அனுப்புவார்கள்.

உங்கள் ஒரு வரிக்குக் காத்திருக்கும்
ஜெயபாய்


தூத்துக்குடி
19.8.1971

அன்பான அக்காவுக்கு,

போன மாசம் எழுதின கடிதம் வந்து சேர்ந்ததா? தபாலில் தவறியிருக்குமோ என்று நினைத்து இதை எழுதுகிறேன். அத்தானுக்குத் திரும்பவும் முடியவில்லையோ என்று பயமாக இருக்கிறது. நாங்கள் நலம். வருவதைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

ஜெயபாய்


சாத்தான்குளம்
6.9.1971

பிரியமான ஜெயபாய்க்கு,

இரண்டு கடிதங்களும் வந்தன. வீட்டில் வேலை அதிகம். அத்தானுக்குப் படுக்கைப் புண். நாசரேத்துக்காரர்கள் இந்த மாதம் வீடு பார்க்க வருகிறார்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்திருக்கிறார்கள். இந்தச் சமயத்தில் வீட்டில் ஆள் கூடுவது சரியாக வராது. பிறகு சொல்லுகிறேன்.

பாத்திரத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் முன்பு சொன்ன அளவை விட்டுவிடு. கையால் பார்க்காதே. வலது கையாலும் வேண்டாம், இடது கையாலும் வேண்டாம். சாயங்காலம் வேகவைத்ததை மறுநாள் காலையில் கழுவு. ராத்திரி முழுவதும் தானே ஆறட்டும். ஓவனிலிருந்து எடுக்கும்போது இரண்டு கைக்கும் கனமான துணி சுற்றிக்கொள். சூடான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் தெளிக்காதே. காய்ந்து ஒட்டினதை இரும்புக் கத்தியால் சுரண்டாமல் வெந்நீர் ஊற்றி ஊறவை. வெந்நீர் பதத்தைப் பார்க்கவும் கையை விடாதே.

உடம்பில் சத்து இல்லாமல் இருக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டு.

நான் உனக்காக முழங்காலில் நிற்கிறேன்.
அக்கா தேவகனி


தூத்துக்குடி
18.10.1971

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். அத்தானுக்குப் புண் ஆறிற்றா?

அறுப்பின் பண்டிகை முடிந்தது. ரவைக் கேக் நன்றாக வந்தது. பெரிய பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏலத்தில் கப்பல் சரக்கு ஏற்றுகிற இனிகோ அண்ணாச்சி எடுத்தார்கள். "மருமக கை பழகிட்டு போல, தேவமணியம்மா" என்று அத்தையிடம் சொன்னார்கள். அத்தை என் கையையே பார்த்தார்கள்.

கையால் பார்க்காதே என்று எழுதியிருந்தீர்கள். ஏன் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

வருவதைப் பற்றி இனி எழுதமாட்டேன். எப்சிபா காரியம் கைகூடட்டும்.

ஜெயபாய்


தூத்துக்குடி
15.11.1971

மகள் தேவகனிக்கு, ஜெயபாயின் மாமியார் தேவமணி எழுதுவது.

இதுவரை நான் உனக்கு எழுதினதில்லை. உன் புருஷன் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன். மற்றதைச் சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

நீ போட்ட கடிதங்களையெல்லாம் வாசித்துத்தான் அவளிடம் கொடுத்தேன். செப்டம்பரில் வந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மணல் ஏன், துணி ஏன், வெயில் ஏன் என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லுகிறவள் நீ. கையால் பார்க்காதே என்று எழுதினாய், காரணம் எழுதவில்லை. எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் பண்டிகை முடியட்டும் என்று இருந்தேன். எனக்கும் கேக் பெரிதாகப் போயிற்று.

பண்டிகைக்கு அப்புறம் ஒருநாள் அடுப்படியில் அவளைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னேன். கோழி இறகு ஒன்றை எடுத்து இடது கையில் தடவினேன். "ம், தொடுங்க அத்தே" என்றாள். நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். "தொடுங்க" என்று மறுபடியும் சொன்னாள். எனக்கு இறகு கீழே விழுந்துவிட்டது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நீ எழுதாத பெயரை நான் எழுதுகிறேன். குஷ்டம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். லேசில் யாருக்கும் ஒட்டாது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா எழுதியே தந்தார்கள். அதை என் மகன் செல்வதுரையிடம் நீட்டினேன்.

"எழுதிக் குடுக்கவளுக்கென்ன? தெருவில நிக்கப்போறது நான்லா? நாளைக்கு பியூலாவ எவன் கெட்டுவான்?" என்றான். அன்றைக்கு ராத்திரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் முன் அறையில் படுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். தட்டவில்லை. நான் பெற்ற பிள்ளைதான், ஆனால் என்னால் அவனை அசைக்க முடியவில்லை.

அவள் அக்கா வீட்டுக்குப் போகலாமென்றால் போகட்டுமே என்று நினைத்தேன். "எழுதிக் கேளுளா" என்றேன். "கேட்டாச்சி அத்தே" என்றாள். அது எனக்கும் தெரியும். வாசித்தவள்தானே.

ஆஸ்பத்திரியைச் சேர்ந்த விடுதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அங்கே சமையல் கட்டில் ஒத்தாசை செய்கிறாள். தெருவில் கேட்டவர்களிடம், உன் புருஷனுக்கு முடியவில்லை, நீ தங்கையை அழைத்துக்கொண்டாய் என்று சொல்லியிருக்கிறேன். உன்னை யாராவது கேட்டால் ஆமென்று சொல். இதையாவது செய்.

ஆஸ்பத்திரி பெயர் உறைமேல் வரவேண்டாம். கடிதத்தை என் முகவரிக்கே போடு. சனிக்கிழமைதோறும் நான் போவேன், கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இனி உங்கள் கடிதங்களை நான் பிரிக்கமாட்டேன்.

தேவமணி


சாத்தான்குளம்
3.1.1972

என் கூடப்பிறந்த ஜெயபாய்க்கு,

இந்தக் கடிதத்தை எத்தனை முறை தொடங்கிக் கிழித்தேன் என்று சொல்லமாட்டேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கையில் புண் இல்லாமல் பார்த்துக்கொள்கிறாயா? அத்தான் அப்படியேதான் இருக்கிறார்கள்.

எப்சிபாவுக்கு நிச்சயம் முடிந்தது. பிப்ரவரியில் கல்யாணம்.

நிச்சயத்தன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லுவேன்? மாப்பிள்ளையின் தாயாருக்குத் தூத்துக்குடியில் உறவு உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால், "ஒங்க தங்கச்சி இங்கனதான் இருக்காளாமே? கூப்பிடுங்க, பாப்போம்" என்றார்கள். "தலவலின்னு படுத்திருக்கா" என்றேன். "அப்ப நான் போயி எட்டிப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்துவிட்டார்கள். நான் போய்ப் பின் அறை வாசலில் நின்றுகொண்டேன். "இப்பத்தான் கண்ணசந்தா மதினி" என்றேன். அத்தான் கட்டிலிலிருந்து ஏதோ சத்தம் போட்டார்கள். வந்தவர்களுக்கு இருமல் என்று பட்டிருக்கும். எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியும்.

அந்த அம்மாள் நல்லவர்கள். "எந்திரிச்சா பசிக்கும், அவளுக்கு எடுத்து வையுங்க" என்று தானே இலையில் சோறும் கறியும் வைத்து என் கையில் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டுபோய் ஆளில்லாத அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வந்தேன். எல்லோரும் போன பிறகு அந்தச் சோற்றை வேறு யாருக்கும் போட மனம் வரவில்லை. நானே உட்கார்ந்து தின்றேன்.

ஊர் முழுக்க நீ என் வீட்டில் இருக்கிறாய், ஜெயபாய். என் வீட்டில்தான் இல்லை.

உன் ஜூலைக் கடிதத்தை வாசித்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தெருவிலும் ஒருத்தி அப்படித்தான் சுட்டது தெரியாமல் கையில் தீயைப் பிடித்தாள். அன்றைக்கே உனக்கு எழுதியிருந்தால் முன்னதாகவே மாத்திரை தொடங்கியிருக்கலாம். எப்சிபாவை நினைத்தேன். உன் வீட்டுக்கு வருகிற கடிதம் பிரித்து வாசிக்கப்படும், அதனால்தான் எழுதவில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

கல்யாணம் முடியட்டும். முடிந்த மறு வாரம் வந்து உன்னை அழைத்து வருகிறேன். அந்தப் பின் அறை உனக்குத்தான். அதற்கு முன்பே ஒருநாள், அத்தானைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால், வந்து உன்னைப் பார்க்கிறேன். என்ன கொண்டுவரட்டும், எழுது.

அக்கா தேவகனி


17.1.1972

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தை பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் பிரித்தேன். எப்சிபாவுக்கு என் ஆசீர்வாதம். நான் நின்று தலைசீவிப் பூ வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புண் இல்லை. மாத்திரையால் தலை சுற்றுகிறது, பழகிவிடும் என்கிறார்கள். காலையிலும் மாலையிலும் இரண்டு கைகளையும் கண்ணால் பார்த்துத் தேடவேண்டும். பட்டது எதுவும் தானாகச் சொல்லாது. இங்கே ரொட்டி சுடுகிற வேலை. தகரத் தட்டுகள்தான், பீங்கான் கிடையாது. பேச்சி என்று ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்துக்காரி ஒருத்தி என்னோடு இருக்கிறாள். அவளுக்குக் கால்தான் போயிற்று, கைகள் நன்றாக இருக்கின்றன. அவள் தொட்டுச் சூடு சொல்லுவாள், நான் நடந்து எடுத்து வருவேன். "நீயும் நானுஞ் சேந்தா ஒரு முழுப் பொம்பள" என்பாள். நாள் முழுக்க வாய் ஓயாது.

பியூலாவைக் கூட்டி வர அவள் அப்பா விடுவதில்லை. நான் பெரியம்மா வீட்டில் இருக்கிறேன் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பெரியம்மா வீட்டில் கோழி இருக்கிறதா, குஞ்சு பொரித்ததா என்று அத்தையிடம் கேட்டு அனுப்பினாள். பொரித்தது என்று சொல்லச் சொன்னேன். நீங்கள் எப்போதாவது அவளைப் பார்த்தால் அப்படியே சொல்லுங்கள்.

கல்யாணம் முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறீர்கள். வரமாட்டேன், அக்கா. கோபத்தில் எழுதவில்லை. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வருவார்கள். பிறகு எப்சிபா பிள்ளைப்பேற்றுக்கு வருவாள். பிறகு அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் எழுந்துபோய் அந்தக் கதவில் நிற்கவேண்டும். இப்போது உள்ளே ஆளில்லை, அதனால் நிற்க முடிகிறது. நான் உள்ளே இருந்துகொண்டு, நீங்கள் வெளியே நின்று சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க என்னால் ஆகாது. ஊருக்கு நான் அந்த அறையில் இருக்கிறபடியே இருந்துகொள்கிறேன். உங்களுக்கும் சிரமமில்லை.

ஒருநாள் வந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வாருங்கள். திருச்செந்தூர் வந்து பஸ் மாறினால் பதினொன்றுக்குள் வந்துவிடலாம். சனிக்கிழமையானால் அத்தையும் இருப்பார்கள்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் வந்தபோதெல்லாம் தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் தனியே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன். போன சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார்கள். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "என்னளா சுட்டு வச்சிருக்கெ? எடு, பசிக்கி" என்றார்கள். ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டினேன். தட்டைத் தள்ளிவிட்டு என் கையிலிருந்தே வாங்கிப் பிட்டுத் தின்றார்கள். "உப்பு கூடிப்போச்சி" என்றார்கள். பிறகு இன்னொரு துண்டு கேட்டார்கள்.

எனக்கு நீங்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். வருகிற அன்றைக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மட்டும் வராதீர்கள், அக்கா.

ஜெயபாய்